துருப்பிடிக்காத வண்டி

சின்னப்பண்ணனுக்கு வரவேண்டிய பர்மனெண்ட் வேலை என்னால் கெட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

1972, ஜூலை மாதம். தீவின் கப்பல்துறையான ஹேடோ வார்ஃபை ஒட்டி எங்கள் ஆபீஸ். அங்கே நான் ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. புரொபேஷன் முடிய இன்னும் பதினான்கு மாதம் பாக்கி. பெயர் மரகதம், பி.எஸ்ஸி., கெமிஸ்ட்ரி. எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் என் அப்பா பழனிசாமி. பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா அதே வார்ஃபில் மூட்டை இறக்குகிற மஜ்தூர். நான் மெட்ராஸில் மூன்று வருஷம் ஹாஸ்டல் சோறு தின்று, பரீட்சைக் கூடத்தில் சமன்பாடு சமன்பாடாக எழுதிவிட்டு வந்தது, ஆணியையும் பெயிண்ட் டப்பாவையும் எண்ணிக் கொடுப்பதற்கு. ஆபீசர் பிஸ்வாஸ் சாப் என்னை "பேட்டி" என்று கூப்பிடுவார். மகளே என்று அர்த்தம். மகளை எதற்குக் கூப்பிடுவார்? "பேட்டி, சாய் சொல்லு. பேட்டி, அந்த ஃபைல் எடு." கெமிஸ்ட்ரி என்று ஒரு வார்த்தை அந்தக் கட்டடத்தில் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. எரிச்சலோடுதான் வேலைக்குப் போவேன், எரிச்சலோடுதான் கராச்சர்மா பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன்.

வார்ஃபில் ஒரு கோல்ஃப் வண்டி இருந்தது. தீவில் கோல்ஃப் ஆடுகிறவர் யாரும் கிடையாது. கல்கத்தாவில் ஏதோ கிளப்பில் துரைமார்கள் புல்வெளியில் நடக்கச் சோம்பல்பட்டு ஓட்டிய வண்டி. மூட்டுவலிக்காரரான பழைய ஆபீசர் ஒருவர் அதை ஏலத்தில் எடுத்துக் கப்பலில் வரவழைத்து, வார்ஃபைச் சுற்றிப் பார்க்க வைத்துக்கொண்டார். அவர் ரிடையராகிப் போன பிறகு, கப்பல் வரும் நாளில் நடக்க முடியாத கிழவர்களையும் நிறைமாதப் பெண்களையும் கப்பல் ஏணியடியிலிருந்து கேட் வரைக்கும் கொண்டுவந்து விட அது பயன்பட்டது. மூன்று சக்கரம், சீட்டுக்கு அடியில் ஆறு பேட்டரி, சத்தமே இல்லாத ஓட்டம். பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாகப் பெயர்ந்து, பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி நின்றது.

பெயிண்டர் போஸ்ட் ஒன்று மேலிடத்தில் சாங்ஷன் ஆகி வந்திருந்தது. அதற்கு ட்ரேட் டெஸ்ட் வைக்க வேண்டும். பிஸ்வாஸ் சாப் கணக்காக யோசித்தார். டெஸ்டும் ஆகட்டும், வண்டியும் பளபளவென்று ஆகட்டும். வண்டியின் உடம்பைக் கழற்றி, பழைய பெயிண்டை எடுத்து, புதிதாக அடித்து, மறுபடி மாட்டித் தர வேண்டும். ஐந்து நாள் அவகாசம். ஆள், சின்னப்பண்ணன் ஒருவர்தான்.

சின்னப்பண்ணன் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். இங்கே வந்து பதினோரு வருஷமாக மஸ்டர் ரோலில் தினக்கூலி. ஆபீஸ் போட், மிதவை, வார்ஃப் கம்பி, கக்கூஸ் கதவு, எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்தது அவர் கைதான். செப்டம்பர் வந்தால் அவருக்கு நாற்பது. அதற்கு மேல் வயதைத் தளர்த்த மாட்டார்கள். இந்த டெஸ்டில் தேறினால் பர்மனெண்ட், குவார்ட்டர்ஸ், மூன்று பிள்ளைகளுக்கும் ஊருக்குப் போய்வர இலவசக் கப்பல் பாஸ். தேறாவிட்டால் அந்த போஸ்டுக்கு மெயின்லேண்டிலிருந்து ஆள் வரும். அவருடைய மனு முழுவதையும் எழுதிக் கொடுத்தவள் நான். பெயருக்குக் கீழே கைநாட்டு வைத்துவிட்டு, "பிள்ள, இது மட்டும் ஆயிட்டுன்னா ஒனக்கு ஒரு சுறா புட்டு, கிரேசி கையால" என்றார்.

கிரேசி அவர் சம்சாரம்.

டெஸ்டுக்குப் பொருள் கொடுப்பதும், எந்த நேரத்தில் என்ன வேலை நடந்தது என்று ரிஜிஸ்தரில் எழுதுவதும் என் வேலை. முதல் நாள் திங்கட்கிழமை, நல்ல மழை. தகர ஷெட்டுக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். சின்னப்பண்ணன் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஒவ்வொரு ஒயர் நுனியிலும் துணி நாடா கட்டி முடிச்சுப் போட்டார். முதல் ஒயருக்கு ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு. சீட்டு, கைப்பிடி, முன் விளக்கு எல்லாம் வெளியே வந்தன. அடித்தளத்துக்குக் கீழே மல்லாந்து படுத்துப் போல்ட்டுகளை எடுத்தார். துருவேறி இறுகிய போல்ட்டுகள். ஸ்பேனர் வழுக்கி விரல் நசுங்கும்போதெல்லாம் மாதாவைக் கூப்பிட்டார்.

"மாதா வந்து போல்ட்டு கழட்டுவாங்களாண்ணே?"

"மாதா கழட்ட மாட்டாவ. ஆனா பக்கத்துல நின்னு பேசிப் பேசிக் கழுத்தறுக்க மாட்டாவல்ல."

உடம்பைத் தூக்க நாலு பேரைச் சொல்லி வைத்திருந்தோம். வந்தது இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் அவரும் பிடித்ததும் அது சும்மா மேலே வந்துவிட்டது. தரையில் வைத்துவிட்டு அவர் கையைப் பார்த்துக்கொண்டார்.

"என்ன பிள்ள, இவ்வளவு லேசா இருக்கு?"

"வெளிநாட்டு ஸ்டீலுண்ணே. அப்படித்தான் இருக்கும்."

அவர் சுரண்டியால் ஒரு மூலையில் பெயிண்டை நீக்கினார். உள்ளே மங்கின வெள்ளையாக ஏதோ பொடி.

"சட்டமெல்லாம் துருவேறிக் கெடக்கு. இதுல ஒரு பொட்டுத் துருவக் காணலியே. இத்தனை வருசம் உப்புக் காத்துல நின்ன வண்டி."

"நல்ல பெயிண்டு அடிச்சிருப்பாங்க."

இப்போது எழுதும்போதுகூட எனக்கு முகம் எரிகிறது. அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் கையால் பார்த்ததைச் சொன்னார். நான் பார்க்காமலே பதில் சொன்னேன். ஸ்டோரில் என் மேசைக்குள் காந்தம் கிடந்தது. கீழே சிந்திய ஆணி பொறுக்குவதற்கு வைத்திருந்தேன். அதை எடுத்துவர ஐம்பது அடி நடக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் வரை சுரண்டியும் ஒரு பக்கம் பாதிகூட முடியவில்லை. பெயிண்டுக்கு மேல் பெயிண்டாக நாலைந்து அடுக்கு. மழை ஈரத்தில் புதுப் பெயிண்ட் காய இரண்டு நாளாவது வேண்டும் என்று அவருக்குக் கவலை. தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"பிள்ள, நீ கெமிஸ்ட்ரி படிச்சவதான? இந்தப் பெயிண்ட உரிக்கதுக்கு மருந்து கிருந்து இருக்கா?"

அந்த ஆபீசில் என்னிடம் கெமிஸ்ட்ரி கேட்ட ஒரே மனுஷர். எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்ணெயில் செய்த பெயிண்டைக் காரம் கரைக்கும் என்று விளக்கினேன். தேங்காய் எண்ணெயில் காஸ்டிக் சோடா போட்டால் சோப்பு ஆகிறதில்லையா, அதே மாதிரி பெயிண்டும் சோப்பாகிக் கழன்று வந்துவிடும். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கப்பல் தாமதமானால் தீவில் சோப்பு கிடைக்காது, எங்கள் ஆட்கள் வீடுகளில் எல்லாம் கொப்பரை ஆட்டி எண்ணெயில் காஸ்டிக் போட்டுச் சோப்புக் காய்ச்சுவார்கள். என் அம்மாவும் காய்ச்சுவாள், கிரேசியும் காய்ச்சுவாள்.

"வள்ளத்துக்குப் போட்டதில்லியே பிள்ள. மரத்த அரிச்சிரும்னு எங்கப்பன் சொல்லுவாரு."

"இது மரமாண்ணே? இரும்பை காஸ்டிக் ஒண்ணும் பண்ணாது. ரெண்டு நாள் வேலை ரெண்டு மணி நேரத்துல முடியும். நான் சொல்றேன்ல?"

நான் சொல்றேன்ல. அந்த வார்த்தைதான்.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு டப்பா காஸ்டிக் சோடாவை நானே பையில் வைத்துக் கொண்டுவந்தேன். ஸ்டோரில் அது கிடையாது. அதனால் ரிஜிஸ்தரிலும் எழுதவில்லை. அதைச் சுண்ணாம்புக் குழம்போடு கலந்து, தேங்காய் நாரைக் கட்டையில் கட்டி, உடம்பு முழுக்கப் பூசச் சொன்னேன். பூசினார். பச்சைப் பெயிண்ட் சுருங்கி, கொழகொழவென்று வழிய ஆரம்பித்தது. சின்னப்பண்ணன் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். "ஏயப்பா! ஒங்க வாத்தியாருக்கு ஒரு கும்பிடு!"

கொஞ்ச நேரத்தில் நுரைத்தது. புஸ்ஸென்று சத்தம், ஆவி.

"கொதிக்குதே பிள்ள. கழுவிரட்டா?"

"வேலை செய்யுதுண்ணே. மத்தியானம் வரைக்கும் விடுங்க. அப்பதான் அடி அடுக்கு வரும்."

சொல்லிவிட்டு ஸ்டோருக்குப் போய்விட்டேன். கப்பல் சரக்கு வந்த நாள். ஒன்றே கால் மணிக்கு ஆள் ஓடிவந்தான், சின்னப்பன் கையில் தோல் போச்சு என்று. போய்ப் பார்த்தேன். அவர் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் வெறும் கையால் வழித்து எறிந்திருக்கிறார். தண்ணீர் ஓடின இடத்தில் வண்டியின் உடம்பு கறுத்திருந்தது. முன்பக்கம் ஓட்டை. பக்கவாட்டில் ஓட்டை. உட்காரும் இடத்துக்குக் கீழே என் கை நுழைகிற அளவுக்குப் பிய்ந்து, ஓரம் காகிதம் போல மெலிந்து ஆடியது.

அலுமினியம்.

காரமும் அலுமினியமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வெளிவரும், உலோகம் கரையும். இரண்டாம் வருஷப் பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. முழு மார்க் வாங்கினேன். லேசாக இருக்கிறது என்று அவர் சொன்னார். துருவே இல்லை என்று சொன்னார். கொதிக்கிறது என்றும் சொன்னார். படிக்காத மனுஷர் எனக்கு விடையைத் துண்டு துண்டாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

நான் வாயைத் திறக்கும் முன்பே பிஸ்வாஸ் சாப் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் பாதி வார்ஃப். என்ன போட்டாய் என்று கேட்டார். கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு சின்னப்பண்ணன் அரைகுறை ஹிந்தியில் சொன்னார்: "சாப், சோப் காஸ்டிக் டாலா. மரகதம் மேடம் போலா." சோப்புக் காஸ்டிக் போட்டேன், மரகதம் மேடம் சொன்னார் என்று.

பிஸ்வாஸ் சாப் என் பக்கம் திரும்பினார். கோபம்கூட இல்லை, சிரிப்புத்தான்.

"பேட்டி, தும்னே போலா தா?"

நீ சொன்னாயா என்கிறார். அந்த ஆளோடு ஹிந்தி பேசக்கூடாது என்று பத்து மாதம் வைராக்கியமாக இங்கிலீஷிலேயே பதில் சொல்லி வந்தவள் நான். அன்றைக்கு என் வாயிலிருந்து ஹிந்தி வந்தது.

"நஹி, சாப். மைனே குச் நஹி போலா."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பி.எஸ்ஸி. பாஸ் லட்கி ஐசா போலேகி?" என்று பிஸ்வாஸ் சாப் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். பி.எஸ்ஸி. படித்த பெண் இப்படிச் சொல்லுமா? எல்லோரும் சிரித்தார்கள். என் பட்டத்துக்கு அந்த ஆபீசில் கிடைத்த முதல் மரியாதை அது.

சின்னப்பண்ணன் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை என்று தோன்றியது. நான் ஏதோ வேறு பாஷையில் வேறு எதையோ சொல்லிவிட்டேன், இப்போது திருத்திச் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்த மாதிரி நின்றார். நான் ரிஜிஸ்தரைத் திறந்து, "1.40: டெஸ்ட் நிறுத்தப்பட்டது" என்று எழுதினேன்.

டெஸ்டில் ஃபெயில். சர்க்கார் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக மஸ்டர் ரோலிலிருந்தும் பெயர் அடிக்கப்பட்டது. அந்த ஆர்டரை டைப் அடித்தவளும் நான்தான். மூன்று காப்பி.

இதோடு முடிந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேனோ என்னவோ. அதையும் மறைக்க வேண்டாம். நாலு நாள் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தபோது சட்டைப் பித்தான் பிய்ந்திருந்தது. முகத்தில் ஒரு பெருமிதம்.

"அந்த மீன்காரப் பயல டீக்கடையில வச்சு நாலு சாத்து சாத்திட்டேன். எம்மக மேலயாடா பழி போடுறேன்னு. கையில கட்டோட நின்னான், அதான் நாலோட விட்டேன்."

"அடிச்சீங்களாப்பா? அவரையா?"

"பின்ன? பத்து வருசமா பழகுன பயன்னு பாத்தா, பொட்டப்புள்ள பொழப்புல மண்ணப் போடப் பாக்குறான்."

"அவர் திருப்பி அடிச்சாரா?"

"எங்கிட்டு? 'ஒம்மகட்ட கேளுடே பழனிசாமி'ன்னான். அதுக்கும் ஒண்ணு வச்சேன்."

அம்மா அடுப்படியில் சோப்புக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். டப்பா காணவில்லை என்று இரண்டு நாளாகத் தேடியவள், தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நானே சொல்லிவிட்டேன், அப்பாவிடம் எல்லாவற்றையும். காஸ்டிக் என்னுடையது, யோசனை என்னுடையது, பொய்யும் என்னுடையது.

அப்பா, அடித்த தன் கையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஏ ஆத்தா. வாயை மூடிக்கிட்டு இரு. பர்மனெண்ட் ஆகுற வரைக்கும் மூடிக்கிட்டு இரு."

"அவரு பிள்ளைங்க, அப்பா?"

"எனக்கு எம்பிள்ளதான் தெரியும். மூட்டை தூக்குனவன்டி நானு. உன்னய அந்த நாற்காலியில உக்கார வைக்க எத்தனை மூட்டைன்னு எனக்குத்தான் தெரியும்." அழுதுவிட்டார். அடித்த ஆளுக்காக அழுதாரா, எனக்காகவா என்று தெரியாது.

அந்த வாரமே சின்னப்பண்ணன் வடக்கே இன்னொரு தீவில் இருக்கிற ரங்கத்துக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். யாரோ காண்ட்ராக்டரிடம் லாரிக்குப் பெயிண்ட் அடிக்க. கிரேசியும் பிள்ளைகளும் இங்கேயேதான். ஒருநாள் பஸ்ஸில் கிரேசி ஏறினாள். எனக்குப் பக்கத்து சீட் காலி. அவள் மூச்சு வாங்க, இடுப்பில் கடைக்குட்டியோடு, ஆபர்டீன் பஜார் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.

எனக்கு அந்த ஆபீஸில் ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வாயால் சொல்வது காற்றோடு போகும். தனியாகக் கொடுக்கிற கடிதம் குப்பைக் கூடைக்குப் போகும். இன்வார்டு ரிஜிஸ்தரில் நம்பர் ஏறிய காகிதத்தை மட்டும் யாராலும் கிழிக்க முடியாது; ஆடிட்டில் கேட்பார்கள். நான் ஒரு பக்கம் எழுதினேன். காஸ்டிக் கொடுத்தது நான், பூசச் சொன்னது நான், கழுவவிடாமல் தடுத்தது நான், விசாரணையில் பொய் சொன்னது நான், பெயிண்டருக்குத் தண்டனை தப்பு. எழுதி, இன்வார்டு ரிஜிஸ்தரில் ஏற்றி, சீல் குத்தி, நம்பர் போட்டேன். 417. அதற்குப் பிறகுதான் பிஸ்வாஸ் சாப் மேசையில் வைத்தேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்பர் போட்டுட்டியா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"போட்டாச்சு, சார்." இதை இங்கிலீஷில் சொன்னேன்.

"பைத்தியமா உனக்கு? என்னிடம் வந்து சொல்லியிருந்தால் அவனை மெதுவாக மஸ்டரில் திரும்பச் சேர்த்திருப்பேன். இப்போது இது மேலே போகும். உன் புரொபேஷன் போகும். என் தலையும் உருளும், மேற்பார்வை பார்க்கவில்லை என்று."

நிஜமாகவே சேர்த்திருப்பாரோ? தெரியாது. அவர் அன்றைக்கு முதல் தடவையாக என்னை "மிஸ் மரகதம்" என்று கூப்பிட்டு வெளியே போகச் சொன்னார்.

காகிதம் கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போய், ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தது. என் புரொபேஷன் ஒரு வருஷம் நீட்டிப்பு. சேதத் தொகை மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்தம். பெயிண்டர் போஸ்டுக்கு மறு டெஸ்ட், செப்டம்பர் நாலாம் தேதி. அவர் பிறந்தநாள் செப்டம்பர் பத்து. அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "ரங்கத்துக்கு யாரு தகவல் சொல்றது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

தபால் எழுதினால் வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். கிரேசியிடம் போகலாம், எனக்குத் தைரியம் இல்லை. நானே போட் ஏறினேன். ரங்கத் ஜெட்டியிலிருந்து பஜார் வரைக்கும் ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு போனேன். சின்னப்பண்ணன் ஒரு கொட்டகைக்குள் லாரியின் பின்கதவுக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார். கை ஆறியிருந்தது. தோல் மட்டும் ரோஜா நிறத்தில், பளபளவென்று, வேறு யாரோ ஒருவருடைய கையை மாட்டியது போல இருந்தது. விரல் இரண்டு சரியாக மடங்கவில்லை.

"சின்னப்பண்ணே."

திரும்பிப் பார்த்தார். பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை.

"சொல்லுங்க மேடம்."

மேடம். கொட்டகைக்காரர் ஒரு வங்காளி, நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. ஆர்டரை வாசித்து, தமிழில் சொன்னேன். நான் ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரலில் ஏதோ எதிர்பார்ப்பு இருந்திருக்க வேண்டும், அவருக்குக் கேட்டுவிட்டது.

"அதுக்கு நான் ஒங்களுக்கு நன்றி சொல்லணுமா?"

"இல்லண்ணே. மன்னிப்புக் கேக்கத்தான்..."

"அந்த மருந்து தப்பாப் போச்சு. போகட்டும். நானும் கடல்ல எத்தனையோ தப்புப் பண்ணிருக்கேன். ஒருக்க நங்கூரத்த சரியாக் கட்டாம எங்க சித்தப்பன் வள்ளமே போச்சு. அது தப்பு." மஞ்சளைத் தொட்டு, ஓரமாக ஒரு கோடு இழுத்தார். "எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே நஹின்னு சொன்னிய பாத்தியளா? அது தப்பு இல்ல. அது வேற."

"தெரியும்."

"ஒங்கப்பன் அடிச்சான். அது எனக்கு வலிக்கல. அவன் மவளுக்காவ அடிச்சான், நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன். எம்மவன் கடையில நின்னு பாத்துட்டு இருந்தான், மேடம். ஏழு வயசு. எப்பா, நீங்க பொய் சொன்னியளான்னு ராத்திரி கேக்கான்."

லாரியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டெஸ்டுக்கு வாரேன்" என்றார். "பிள்ளையளுக்காவ வாரேன். ஒண்ணு மட்டும்."

"சொல்லுங்கண்ணே."

"நீங்க அங்க இருக்கப்படாது. சாமான் எடுத்துக் கொடுக்க, எழுத, ஒண்ணுக்கும் நீங்க வரப்படாது. ஒங்க நெழல் அந்தச் செட்டுக்குள்ள விழப்படாது. எனக்குக் கை வராது."

சரி என்றேன். அவர் மறுபடி லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். வங்காளி டீ கொண்டுவந்தார். குடிக்காமல் வருவது மரியாதை இல்லை என்று குடித்தேன்.

செப்டம்பர் நாலிலிருந்து எட்டு வரை கேஷுவல் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் "சொந்த வேலை". அந்த ஐந்து நாளும் கராச்சர்மாவில் வீட்டிலேயே கிடந்தேன். அப்பா ஒவ்வொரு சாயங்காலமும் வந்து, கேட்காமலே, பாத்திரத்திடமோ கதவிடமோ பேசுவது போலச் சொல்வார். ஓட்டைக்கெல்லாம் அலுமினியத் தகடு வெட்டி, வள்ளத்துக்குச் செப்புத் தகடு அடிக்கிற மாதிரி ரிவெட் அடிக்கிறானாம். உப்புத்தாளால் தேய்த்தே பெயிண்ட் முழுவதையும் எடுத்துவிட்டானாம். விரல் மடங்காததால் பிரஷ்ஷைத் துணியால் கையோடு கட்டிக்கொண்டானாம். ஒயரையெல்லாம் முடிச்சை எண்ணிப் பார்த்துத் தானே மாட்டினானாம். ஐந்தாம் நாள், "ஓடுது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

பாஸ். ஆர்டர் வந்தது. நீல நிறத்தில் வண்டி வார்ஃபில் ஓடுகிறது. மெயின்லேண்ட் கப்பல் வந்த அன்று நிறைமாதக்காரி ஒருத்தியை அதில் ஏற்றிக் கேட்டுக்குக் கொண்டுபோனார்கள். கூட்டத்தில் நின்று பார்த்தேன். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் ஒட்டுப் போட்ட இடம் தெரியுமாம். நான் கிட்டத்தில் போனதில்லை.

பர்மனெண்ட் ஆன பெயிண்டருக்கு வாராவாரம் பொருள் கொடுக்க வேண்டியது ஸ்டோர் கிளார்க்கான நான். அவர் சனிக்கிழமைகளில் பொருள் கேட்கும் இண்டென்ட் சீட்டோடு வருவார். ஆனால் உள்ளே வரமாட்டார். நான் ஒரு மணிக்குச் சாப்பிட எழுந்து போகும்வரை வெளியே மழையிலோ வெயிலிலோ நிற்பார். நான் போனதும் பியூனிடம் வாங்கிக்கொண்டு போவார். முதல் மாதம் இதை நான் கவனிக்கவில்லை. கவனித்த நாளன்று அவர் முக்கால் மணி நேரம் நின்றிருந்தார், சட்டை முழுக்க நனைந்து.

பிஸ்வாஸ் சாப் பார்த்துவிட்டு, "அவனைக் கூப்பிட்டு உள்ளே உட்காரச் சொல், உன் ஊர்க்காரன்தானே" என்றார். நான் கூப்பிடவில்லை. எந்தப் பெயரால் கூப்பிடுவது?

சனிக்கிழமைகளில் இப்போது பன்னிரண்டே காலுக்கே டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக எழுந்து போய்விடுகிறேன். பசியிருக்காது. அவர் நேரே உள்ளே வரலாம்.